பனி உருகும் காலத்தில் ரெய்னி ஆற்றில் பெரிய வால்ஐ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மினசோட்டாவுக்கும் கனடாவின் ஒன்டாரியோவுக்கும் நடுவே எல்லைக்கோடாக ஓடுகிறது ரெய்னி ஆறு. இன்டர்நேஷனல் ஃபால்ஸ் அணைக்குக் கீழே இறங்கி, ஏறக்குறைய 80 மைல் ஓடி லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரியில் கலக்கிறது. பனி உடையும் நாட்களில் அந்த ஏரியின் சினை நிறைந்த வால்ஐ மீன்கள் ஆற்றுக்குள் ஏறி வரும். அந்தச் சில வாரங்களில் தூண்டில் போட நண்பர்களோடு முதல்முறை கிளம்புகிறவர்களிடமிருந்து வருஷா வருஷம் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்கப்பட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறோம்.

வால்ஐன்னா நம்ம ஊர் வாளையா?

இல்லை. காதுக்கு ஒன்றுபோல் கேட்கிறதே தவிர உறவு எதுவும் கிடையாது. நம் ஆற்று வாளை மீசை வைத்த, செதில் இல்லாத கெளுத்தி வகை. வால்ஐ பெர்ச் குடும்பத்து மீன். உடம்பு பொன் கலந்த பாசிப் பச்சை, வயிறு வெள்ளை, முதுகில் முள் துடுப்பு, வாய் முழுக்க ஊசிப் பற்கள். கண் மட்டும் பூ விழுந்த கண் போல வெளுத்திருக்கும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருப்பதால் அப்படித் தெரிகிறது. மங்கிய வெளிச்சத்திலும் கலங்கல் தண்ணீரிலும் வால்ஐ தைரியமாக வேட்டையாடுவது அந்தப் படலத்தின் தயவில்தான்.

இதே ஆற்றில் சாகர் என்ற தம்பி மீனும் உண்டு. வாலின் கீழ் நுனி வெள்ளையாக இருந்தால் வால்ஐ. அந்த வெள்ளை இல்லாமல் முள் துடுப்பில் வரிசையாகக் கரும்புள்ளி இருந்தால் சாகர்.

எத்தனை அங்குலம் இருந்தா பெரிய மீன்னு சொல்லலாம்?

28 அங்குலத்தைத் தொட்டால் பெரிய மீன். 30 அங்குலம் பலருக்கு ஆயுளில் ஒரு தடவை. தராசு தேவையில்லை. நீளத்தை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே இரண்டு தடவை பெருக்கி, 2700-ஆல் வகுத்தால் ஏறக்குறைய பவுண்டு எடை வந்துவிடும். 28 அங்குலத்துக்கு 8 பவுண்டு, 30 அங்குலத்துக்கு 10 பவுண்டு. சினை நிறைந்த மீன் இதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். 1979-இல் சீகல் ஆற்றில் கிடைத்த 17 பவுண்டு 8 அவுன்ஸ் மீன்தான் மினசோட்டாவின் சாதனை.

இவ்வளவு பெரிதாக வளர்வது பெண் மீன் மட்டுமே. ஆண்கள் பெரும்பாலும் 20 அங்குலத்துக்குள் நின்றுவிடும். ஆகவே வசந்தத்தில் உங்கள் தூண்டிலில் மாட்டும் ஒவ்வொரு பெரிய மீனும் வயிறு நிறைய முட்டையோடு வந்த வயதான தாய். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாசம் வெயில் வந்தப்புறம் போனா ஆகாதா? ஏன் இந்தக் குளிர்ல?

மே மாதத்தில் மீன் கிடைக்கும், தாய் மீன்கள் கூட்டமாகக் கிடைக்காது. தண்ணீர் 42 முதல் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள், அதாவது 6 முதல் 10 டிகிரி செல்சியஸுக்குள் வரும்போது வால்ஐ சரளைக் கல் தரையில் முட்டையிடும். ஆண் மீன்கள் முன்னதாகவே வந்து கடைசிவரை அங்கேயே கிடக்கும். பெண்கள் பக்கத்து ஆழத்தில், ஓட்டம் மெலிந்த தண்ணீரில் காத்திருந்து, இருட்டில் மேடேறி முட்டையிட்டுவிட்டு ஏரிக்குத் திரும்பிவிடும்.

அந்தக் காத்திருப்பு நாட்கள்தான் நமக்கு. தண்ணீர் 34-லிருந்து 40 டிகிரிக்கு ஏறும் காலம் அது. 42-ஐத் தாண்டிவிட்டால் எண்ணிக்கை நிறைய வரும், ஆனால் வருவதெல்லாம் 15, 16 அங்குல ஆண்கள்.

சரியா எந்தத் தேதிக்கு லீவு போடணும்?

ரெய்னி ஆற்றில் வசந்தப் பருவம் மார்ச் 1-லிருந்து ஏப்ரல் 14 வரை. அதற்குள் ஐஸ் உடைந்து படகு இறக்க வழி பிறக்க வேண்டும். அது எந்த வருஷமும் சொன்ன தேதியில் நடப்பதில்லை. பெரும்பாலும் மார்ச் கடைசி வாரத்திலிருந்து பருவம் முடியும்வரை. ஆற்றின் மேல்பகுதி முதலில் திறக்கும், ஆகவே பர்ச்டேல், ஃப்ரான்டியர் படகுத் துறைகளில் முதலில் கூட்டம் கூடும். பிறகு கிளெமென்ட்சன், அதன்பின் பொடெட்.

ஒரே வார இறுதியை நம்பி அறை போடாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளைக் குறித்துவைத்து, புதன்கிழமை முடிவு செய்யுங்கள். அன்று பார்க்க வேண்டியவை: எந்தத் துறை வரை ஐஸ் விலகியிருக்கிறது, மனிடூ ரேபிட்ஸ் அளவுமானியில் நீர்வரத்து ஏறுகிறதா, தெற்கிலிருந்து வந்து சேரும் லிட்டில் ஃபோர்க், பிக் ஃபோர்க் ஆறுகள் உடைந்துவிட்டனவா. மூன்றாவதுதான் முக்கியம். அந்த இரண்டும் உடைந்த நாளில் ஐஸ் பாளங்களும் மரக்கட்டைகளும் சேற்றுத் தண்ணீரும் கீழ்நோக்கி வரும். அன்று படகை இறக்கவே கூடாது.

பிடிச்ச மீனைக் குழம்பு வைக்கக் கொண்டு வரலாமா?

முடியாது. 2019-லிருந்து மினசோட்டா பக்கத்தில் வசந்தப் பருவம் முழுவதும் வால்ஐ, சாகர் இரண்டையும் பிடித்து உடனே விட வேண்டும். ஒன்றைக்கூட எடுத்துவைக்க அனுமதியில்லை. குழம்புக்கு ஆசைப்பட்டால் மே மாதம் பருவம் திறந்தபின் வாருங்கள். முள் குறைந்த, கெட்டியான வெள்ளைச் சதை, வறுத்தால் உதிராது. அப்போதும் 19.5 முதல் 28 அங்குலம் வரை உள்ள வால்ஐயை விட்டுவிட வேண்டும், 28-க்கு மேல் ஒன்றுதான் எடுக்கலாம். 28-க்கு மேல் உள்ளதையும் விட்டுவிடுங்கள் என்பது எங்கள் கருத்து. பல வருஷம் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்று வளர்ந்த உடம்பில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும், ருசியும் 16 அங்குல மீனுக்குப் பக்கத்தில் வராது. விதிகள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

எச்-1பி விசால இருக்கோம். ஆத்துல கனடா பக்கம் போயிட்டா பிரச்சினையா?

ஆற்றின் நடுவில் எல்லை ஓடுகிறது. படகின் ஜிபிஎஸ் வரைபடத்தில் கோடு தெளிவாகத் தெரியும். கனடா பக்கத் தண்ணீரில் கரை இறங்காமல், நங்கூரம் போடாமல், எங்கும் கட்டாமல், வேறு படகோடு சேராமல் கடந்துபோனால் கனடா எல்லை அதிகாரிகளிடம் தெரிவிக்கத் தேவையில்லை. நங்கூரம் போட்ட நிமிஷமே அது நாட்டுக்குள் நுழைந்த கணக்கு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அதற்குக் கனடா விசா வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் விசா தேவையில்லை, கார்டும் கடவுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். படகில் மூன்று பேருக்கு மூன்று விதமான நிலை என்றால், மினசோட்டா பக்கமே நின்றுவிடுங்கள். மீனுக்கு இரு கரையும் ஒன்றுதான்.

தூண்டில் உரிமம் தனிக் கணக்கு. மினசோட்டாவில் உரிம ஆண்டு மார்ச் 1-இல் புதிதாகப் பிறக்கிறது, போன வருஷத்துச் சீட்டு செல்லாது. கோட்டைத் தாண்டி ஒன்டாரியோ தண்ணீரில் தூண்டில் போட்டால் ஒன்டாரியோ உரிமமும் வேண்டும். மினசோட்டாவில் திறந்த தண்ணீரில் ஆளுக்கு ஒரு தூண்டில் மட்டும்.

நாலு நண்பர்கள் ஒரே படகுல போகலாமா?

17, 18 அடிப் படகில் மூன்று பேர் வசதி. கனத்த உடுப்போடு நான்கு பேர் நின்றால் தூண்டில் நரம்புகள் பின்னிக்கொள்ளும், மீன் வரும் நேரத்தில் நகர இடமிருக்காது. நான்கு பேர் என்றால் இரண்டு படகு, அல்லது அந்த ஆற்றில் வேலை செய்யும் வழிகாட்டி ஒருவரின் பெரிய படகு. முதல் வருஷம் வழிகாட்டியோடு ஒரு நாள் போவதைத்தான் சொல்வோம். எந்த வளைவில் கல் இருக்கிறது என்பதை ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

வேலையைக் கரையிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் மோட்டார், ஒருவர் கைவலை, ஒருவர் கேமரா. மீன் மாட்டியபின் "வலை எங்கேடா?" என்று தேட ஆரம்பித்தால் பாதி மீன் போய்விடும். மூவரும் ஒரே எடை ஜிக் (தலையில் ஈயம் வார்த்த தூண்டில் முள்) போடுங்கள். எடை வேறானால் ஓட்டம் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கோணத்தில் இழுத்து நரம்பு முறுக்கிக்கொள்ளும். நிறத்தை மட்டும் ஆளுக்கொன்றாக மாற்றிப் பாருங்கள்.

என்ன ராடு, என்ன நரம்பு?

ஆறரை முதல் ஏழு அடி நீளம், நடுத்தர மென்மை, நுனி மட்டும் சட்டென்று வளையும் வகை. 2500 அளவு ஸ்பின்னிங் ரீல். 10 பவுண்டு பின்னல் நரம்பு, அதன் நுனியில் இரண்டு மூன்று அடி 8 அல்லது 10 பவுண்டு ஃப்ளோரோகார்பன். பின்னல் நரம்பு இழுபடாது, ஆகவே லேசான கொத்தும் விரலுக்குத் தெரியும்.

அதற்கு ஒரு குறை உண்டு. பின்னல் இழைகளுக்குள் தண்ணீர் தங்கும். காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் அந்தத் தண்ணீர் ராடின் வளையங்களில் சொட்டுச் சொட்டாக உறைந்து, நுனி வளையம் ஊசிக்காது அளவுக்குச் சுருங்கிவிடும். அப்போது பெரிய மீன் ஓடினால் நரம்பு வெளியே போகாமல் அறுந்துவிடும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ராடு நுனியைத் தண்ணீருக்குள் முக்கி எடுங்கள், ஐஸ் கரையும். விரலால் உடைக்க வேண்டாம், வளையத்தின் உள் பீங்கான் கழன்றுவரும். விடியற்காலைக்கு 8 பவுண்டு ஒற்றை இழை நைலான் நரம்பு சுற்றிய இன்னொரு ராடு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

ஜிக் எத்தனை அவுன்ஸ்? இரை எது?

ஜிக் என்றால் தலையில் ஈயம் வார்த்த முள். கால் அவுன்ஸ், 3/8, அரை அவுன்ஸ் மூன்றும் பையில் இருக்கட்டும். 10, 12 அடி ஆழத்தில் ஓட்டத்தோடு நகரும்போது பெரும்பாலும் 3/8 போதும். நங்கூரம் போட்டு நின்றால் அரை அவுன்ஸோ அதற்கு மேலோ வேண்டும். சோதனை எளிது: ஜிக் தரையைத் தொடுவது கைக்குத் தெரிய வேண்டும், நரம்பு செங்குத்தாக நிற்க வேண்டும். இரண்டும் நடக்கிற மிகக் குறைந்த எடைதான் சரியான எடை.

இரைக்கு எமரால்டு ஷைனர் என்ற வெள்ளிக்கெண்டை போன்ற சிறு மீன், மூன்று நான்கு அங்குலத்தில். உறைய வைத்ததே போதும். வாயில் முள்ளை விட்டு, செவுள் வழியாக வெளியே எடுத்து, திருப்பி முதுகில் குத்தி, மீனின் தலை ஈயத்தை ஒட்டி உட்காரும்வரை இழுத்துவிடுங்கள். உடம்பு முள்ளின் காம்போடு நேராகக் கிடக்க வேண்டும். வளைந்து குத்தினால் ஓட்டத்தில் பம்பரமாகச் சுற்றும், சுற்றும் இரையைப் பெரிய மீன் தொடாது. உயிருள்ள இரை மீனை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது.

நான்கு, ஐந்து அங்குலப் பிளாஸ்டிக் வால் இரைகளும் நன்றாக வேலை செய்யும். தண்ணீர் 38 டிகிரியைத் தாண்டியபின் சில நாட்களில் இரை மீனைவிட அதுவே மேல். ரெய்னி ஆறு தேநீர் நிறத்துத் தண்ணீர், ஆகவே எலுமிச்சைப் பச்சை, ஆரஞ்சு, பளிச் இளஞ்சிவப்பு, பொன் நிறங்கள்.

இவ்வளவு நீள ஆத்துல எங்க நிறுத்தறது?

வேக ஓட்டத்துக்குப் பக்கத்தில் மெதுவான தண்ணீரைத் தேடுங்கள். ஐஸ் தண்ணீரில் மீனின் உடம்பும் மெதுவாகத்தான் இயங்கும். முட்டை சுமக்கும் பெண் மீன் நாள் முழுக்க ஓட்டத்தை எதிர்த்து நிற்காது. ஆனால் இரை அடித்து வரும் ஓட்டத்தைவிட்டு வெகுதூரமும் போகாது. ஆகவே இரண்டும் உரசும் கோட்டில் நிற்கும். தண்ணீரின் மேல் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியும்: ஒரு பக்கம் சுருக்கம் விழுந்த ஓட்டம், மறுபக்கம் எண்ணெய் ஊற்றியது போல வழவழப்பு, நடுவே நுரையும் சருகும் வரிசையாக ஊரும். வளைவின் உள்பக்கம், கரை நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குக்குக் கீழே, ஓடை வந்து சேரும் வாய், பாலத்தூணுக்குப் பின்புறம் ஆகியவற்றில் இந்தக் கோட்டைப் பார்க்கலாம்.

பருவத் தொடக்கத்தில் 10 முதல் 18 அடி ஆழம். தண்ணீர் சூடேற ஏற 6, 8 அடிக்கு வாருங்கள். மாலை மங்கியபின் நான்கு அடியில்கூடப் பெரிய மீன் இருக்கும். 25 அடிக்கு மேல் ஆழமான குழிகளை நாங்கள் தவிர்க்கச் சொல்கிறோம். மீன் அங்கே கூட்டமாகக் கிடந்தாலும், அந்த ஆழத்திலிருந்து மேலே வரும்போது காற்றுப்பை உப்பிவிடும். விட்டபின் பிழைப்பது சந்தேகம்.

படகை ஓட்டத்தோட விடணுமா, நங்கூரம் போடணுமா?

இடம் தெரியாதவரை ஓட்டத்தோடு நகருங்கள், மீன் இருக்கும் இடம் தெரிந்தபின் நில்லுங்கள். நகரும்போது முன்பக்க மின் மோட்டாரால் படகைக் கொஞ்சம் பிடித்து இழுக்க வேண்டும். ஆற்றின் மேல்தண்ணீர் வேகமாகவும் அடித்தண்ணீர் மெதுவாகவும் ஓடுகிறது. படகை அப்படியே விட்டால் மேல்தண்ணீர் அதைக் கொண்டுபோய்விடும், ஜிக் பின்தங்கி நரம்பு சாயும். நரம்பைப் பார்த்தபடியே மோட்டாரைக் கூட்டிக் குறைத்து, செங்குத்தாக வைத்திருப்பதுதான் படகு ஓட்டுபவரின் முழு வேலை. அவருக்கு அன்று மீன் குறைவாகத்தான் கிடைக்கும், அரை நாளுக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளுங்கள்.

நங்கூரம் 20 முதல் 28 பவுண்டு, கயிறு ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் மட்டும் கட்டுங்கள். பின்பக்கம் கட்டினால் ஓட்டம் பின்பலகையை அழுத்தி நிமிஷத்தில் படகுக்குள் தண்ணீர் ஏறும். கயிற்று நுனியில் ஒரு மிதவை கட்டியிருக்கட்டும். மரமோ ஐஸ் பாளமோ நேரே வந்தால் கயிற்றை அவிழ்த்துவிட்டு விலகலாம், மிதவையைப் பிடித்து நங்கூரத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ஜிக்கை எப்படி ஆட்டணும்?

ஆட்டாமல் இருக்கப் பழகுங்கள். தரையைத் தொட்டதும் நான்கு அங்குலம் தூக்கி அப்படியே பிடியுங்கள். பத்து எண்ணியபின் மெதுவாக இறக்கித் தரையைத் தொட்டு மறுபடி தூக்குங்கள். ஆழம் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே அந்தத் தொடுதல் அவசியம். கோடையில் செய்வது போல ஓரடி, இரண்டடி சுண்டினால் ஆண் மீன்கள் வரலாம், பெரியவள் வரமாட்டாள்.

கொத்து பெரும்பாலும் வெட்டி இழுப்பதாக இருக்காது. ஜிக் திடீரென்று எடை இழந்தது போலவோ, ஈரத் துணியில் சிக்கியது போலவோ இருக்கும். சந்தேகம் வந்தால் ராடை மேல்நோக்கி நிதானமாக வீசி இழுங்கள். இழுப்பதற்குச் செலவில்லை.

தட்டுறது தெரியுது, இழுத்தா வெறும் முள்தான் வருது. ஏன்?

இரையின் வால் மட்டும் கடிபட்டிருந்தால் அது சிறிய ஆணாகவோ சாகராகவோ இருக்கும். சற்றுச் சிறிய இரைக்கு மாறலாம். இரை முழுவதும் பல் தடம் பட்டும் மாட்டவில்லை என்றால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். அடுத்த தட்டில் ராடு நுனியை ஓரடி இறக்கிக் கொடுத்து, இரண்டு எண்ணி இழுங்கள். பின்னால் ஒரு சிறு மூமுனை முள்ளைத் தொங்கவிடுவது சிலர் வழக்கம். மாட்டுவது கூடும், உண்மைதான். ஆனால் அந்த மூன்று முனையும் வலையிலும் மீனின் செவுளிலும் சிக்கி, கழற்ற ஒரு நிமிஷம் ஆகும். விடப்போகும் மீனுக்கு அது தேவையில்லை.

பக்கத்துப் படகு வரிசையா பிடிக்குது, எங்களுக்கு ஒண்ணுமே இல்லை. என்ன பண்ணலாம்?

நிறத்தை மாற்றும் முன் மற்றவற்றைப் பாருங்கள். முதலில் நரம்பின் சாய்வு. பிறகு ஆழம்: அவர்கள் 9 அடியில் இருந்து நீங்கள் 13 அடியில் இருந்தால் அது வேறு ஊர். பிறகு இரை நேராகக் கிடக்கிறதா. இவையெல்லாம் சரி என்றால் அவர்கள் நிற்கும் கோடு அதே விளிம்பா என்று பாருங்கள், பத்தடி விலகினாலே ஓட்டத்துக்குள் போய்விடுவோம். நிறம் கடைசியில். அவர்களை நெருக்காதீர்கள். மேலே சுற்றிவந்து, அவர்கள் நகரும் வரிசையில் பின்னால் சேர்ந்துகொள்வதுதான் அந்த ஆற்றின் மரியாதை.

போய்ச் சேர்ந்தா தண்ணி காப்பி மாதிரி கலங்கியிருக்கு. திரும்பிடலாமா?

ஐஸ் பாளமும் கட்டையும் வந்தால் திரும்புங்கள். கலங்கல் மட்டும் என்றால் ஒரு வழி உண்டு. நீர்வரத்து ஏறும்போது நடு ஆற்றில் நிற்க முடியாமல் மீன் கரையை ஒட்டி வரும். மூன்று முதல் ஆறு அடியில், புல்லும் புதரும் மூழ்கிய ஓரத்தில் தேடுங்கள். பெரிய பிளாஸ்டிக் வால், உள்ளே மணி குலுங்கும் ஜிக், மிகப் பளிச்சென்ற நிறம். கலங்கலில் கண்ணைவிட உடம்பின் பக்கக்கோடு உணரும் அதிர்வுதான் மீனுக்கு வழிகாட்டும். லிட்டில் ஃபோர்க் சேரும் இடத்துக்கு மேலே ரெய்னி ஏரியிலிருந்து வரும் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். ஆனால் அணைக்குக் கீழ்ப் பகுதியில் ஏரி மீன்களின் கூட்டம் அவ்வளவு இருக்காது.

பெரிய மீன் மாட்டிடுச்சு! இப்ப என்ன?

மற்ற இருவரும் உடனே நரம்பைச் சுருட்ட வேண்டும். படகு மீனோடு கீழ்நோக்கிப் போகட்டும், ஓட்டத்துக்கு எதிராக இழுத்தால் மீனோடு ஆற்றையும் சேர்த்து இழுப்பீர்கள். ரீலில் நரம்பைப் பிடித்திருக்கும் டிராக் இரண்டு பவுண்டு இழுப்புக்கே நழுவும்படி இருக்கட்டும். பெரிய வால்ஐ துள்ளாது, அடியில் கிடந்து தலையை மெதுவாக, கனமாக உதறும். அந்த உதறல் ராடின் அடிக்கட்டை வரை வரும். கடைசியில் படகைப் பார்த்ததும் ஒருமுறை கட்டாயம் கீழே பாயும், முக்கால்வாசி மீன் அங்கேதான் தப்புகிறது.

வலை பிடிப்பவர் ரப்பர் பூசிய வலையைத் தண்ணீருக்குள் வைத்துக் காத்திருக்க வேண்டும், மீனைத் துரத்தக் கூடாது. தலை முதலில் உள்ளே வரட்டும். முடிச்சு நைலான் வலை உடம்பின் வழுவழுப்பைச் சுரண்டிவிடும், துடுப்பையும் கிழிக்கும்.

ஒரு ஃபோட்டோ எடுக்கறதுக்குள்ள என்ன ஆயிடப் போகுது?

இந்தக் குளிரில் நிறைய ஆகும். செவுளின் சிவப்பு இழைகள் தலைமுடி போல மெல்லியவை. உறைநிலைக்குக் கீழே உள்ள காற்றில், காற்றும் வீசினால், அவை சில நொடிகளில் உறையத் தொடங்கும். கண்ணும் அப்படியே. ஆகவே முள்ளை, வலை தண்ணீரில் இருக்கும்போதே நீள மூக்குக் குறடால் கழற்றுங்கள். முள்ளின் கொக்கியை முன்னமே நசுக்கியிருந்தால் ஒரு திருப்பில் வந்துவிடும். அளவுப் பலகையை நனைத்துவையுங்கள், கேமரா தயாரானபின் மீனைத் தூக்குங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குங்கள், உங்களுக்கு மூச்சு முட்டும் முன் மீன் தண்ணீரில் இருக்க வேண்டும்.

கையுறையைக் கழற்றிக் கையை நனைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை செவுள் மூடியின் உள் விளிம்பில், சிவப்பு இழையைத் தொடாமல். அந்த மூடியின் ஓரம் பிளேடு போல வெட்டும், பார்த்துப் பிடியுங்கள். மறு கை வயிற்றுக்குக் கீழே விரித்து, அழுத்தாமல். மீன் எப்போதும் படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். தாடையில் தொங்கவிட்டால் முட்டையின் எடை முழுவதும் உள்ளுறுப்புகளை இழுக்கும். விரலில் முட்டை கசிந்தால் ஃபோட்டோவை விட்டுவிட்டு உடனே விடுங்கள். விடும்போது தலையை ஓட்டத்துக்கு எதிரே பிடித்திருங்கள், தானாக வாலை அடித்துப் போகும்வரை.

ஸ்டர்ஜன் மாட்டினா?

இந்த ஆற்றில் ஸ்டர்ஜன் என்ற ஆளுயர மீனும் உண்டு, அவையும் அதே ஆழங்களில் திரியும். ஜிக் தரையோடு ஒட்டிக்கொண்டு, பிறகு தரையே மெதுவாக நகர ஆரம்பித்தால் அதுதான். 10 பவுண்டு நரம்பில் ஒரு மணி நேரம் இழுத்து அதைக் களைப்பிலேயே கொல்வதைவிட, நரம்பைக் கையில் சுற்றாமல் ராடை நேராக நீட்டி அறுத்துவிடுங்கள்.

நல்லா நீந்தத் தெரியும். லைஃப் ஜாக்கெட் கட்டாயமா?

ஆமாம், துறையில் ஏறும்போதிலிருந்து. 35 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணீரில் நீச்சல் உதவாது. விழுந்த முதல் நிமிஷம் மூச்சு தன் கட்டுப்பாட்டில் இருக்காது, அந்தத் திணறலில் தண்ணீரை இழுத்துவிட்டால் முடிந்தது. அடுத்த பத்து நிமிஷம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் மிதக்கவைக்கும் சட்டை இல்லாவிட்டால் அதுவரை யாரும் மேலே இருப்பதில்லை.

மோட்டார் ஓட்டுபவர், தான் விழுந்தால் மோட்டாரை அணைத்துவிடும் நிறுத்துக் கயிற்றை உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். பின்புற ஏணியை இறக்கும் விதத்தை மூவரும் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் புகாத பையில் ஆளுக்கு ஒரு முழு மாற்றுடை, கம்பளித் தொப்பி உட்பட. பருத்தி உள்ளாடை வேண்டாம், நனைந்தால் காயாது.

சாயங்காலம் படகை ஏத்தும்போது கவனிக்க வேண்டியது என்ன?

துறையின் சரிவுதான் அன்றைய நாளின் மோசமான இடம். காலையிலிருந்து ஏறிய படகுகள் சொட்டிய தண்ணீர் எல்லாம் அங்கே உறைந்து கண்ணாடியாகியிருக்கும். ஒரு வாளி மணலைக் காரில் கொண்டுபோங்கள். காரின் பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், ஓட்டுபவர் காரைவிட்டு இறங்க வேண்டாம்.

படகு மேலே வந்ததும் அடித் தக்கையைக் கழற்றுங்கள். மினசோட்டாவில் தக்கையோடு சாலையில் ஓட்டுவது சட்டத்துக்கு விரோதம், ஆற்றுத் தண்ணீரோடு வேண்டாத உயிர்கள் வேறு ஏரிக்குப் போய்விடும் என்பதற்காக. பிறகு மோட்டாரைச் செங்குத்தாக இறக்கி, உள்ளே நிற்கும் தண்ணீர் முழுக்க வடியும்வரை விடுங்கள். தூக்கிய நிலையிலேயே இரவு விட்டால் உள்ளே உறைந்து உறை வெடித்துவிடும். மீன் தொட்டியின் பம்பும் அப்படித்தான். தக்கையை ஓட்டுநர் இருக்கையில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். மறுநாள் காலையில் அதன்மேல் உட்கார்ந்தாலாவது ஞாபகம் வரும்.